சுங்கை கெலாம் பள்ளம்

பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டியும் லாரிக்கு முன்னால் பத்தடிதான் தெரிந்தது. அதற்கப்பால் எல்லாம் புகை. காட்டுக்குள் எங்கோ பிடித்த தீ, மண்ணுக்கு அடியிலேயே நடந்து நடந்து, ஜாம்பி நகரத்துக்குத் தெற்கே நாட்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது. வானம் செங்கல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. சூரியன் எங்கே என்று தேடினால் வெற்றிலை எச்சில் துப்பியது போல ஒரு சிவப்புப் பொட்டு. அவ்வளவுதான்.

பொல்தாக்குக்குப் புகை பழக்கம். காய்ச்சல் மாதிரி வரும், மழை பெய்தால் போகும். அவனுக்கு ஆகாதது ரோடு.

"இதுக்குப் பேரு நெடுஞ்சாலையாம்! எங்க ஊர்ல எருமை புரளுற குட்டை இதைவிடச் சமமா இருக்கும்," என்று ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தான்.

பக்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சாய்ந்திருந்தவன் பின்சார். பொல்தாக்கின் மனைவியுடைய தம்பி, மாற்று டிரைவர். பாதி வழி இவன் ஓட்டுவான், பாதி வழி அவன். துண்டை விலக்காமலே அவன் சொன்னான்: "மாமா, நீங்க திட்டுறது ரோட்டுக்குக் கேக்காது மாமா. என் காதுதான் கிழியுது."

"அதுக்குக் காது இருந்திருந்தா எப்பவோ திருந்தியிருக்குமேடா."

ஏற்றியிருந்தது காரோ மலை ஆரஞ்சு. ஜகார்த்தா சந்தைக்குப் போக வேண்டியது. மலையிலிருந்து இறங்கும்போது வண்டியே மணத்தது. இப்போது தார்ப்பாய்க்கு அடியிலிருந்து புளிப்பு வாடை கிளம்பியிருந்தது. ரியாவ் பக்கம் பின் சக்கரத்து வில்பட்டை ஒன்று முறிந்து ஒரு பகல் போயிற்று. அப்புறம் டயர் வெடித்தது. அப்புறம் இன்னொரு டயர். சந்தைத் தரகன் முதலில் போனில் கெஞ்சினான், பிறகு கத்தினான், இப்போது கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். பொல்தாக் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

இந்த ரோட்டை யாருமே பழுது பார்ப்பதில்லை என்று சொல்ல முடியாது. பார்ப்பார்கள். பெரிய மனிதர் யாராவது காரில் வருகிறார் என்று செய்தி வந்தால் போதும், சாலை அலுவலகத்துக்கு அன்றைக்கே ஞானம் பிறந்துவிடும். பள்ளத்தில் செம்மண்ணைக் கொட்டி, மேலே ஜல்லியை விசிறி, தோசைக்கல்லுக்கு எண்ணெய் விடுவது போலத் தாரைத் தெளித்து, ரோலரை இரண்டு தடவை உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கார் ஊர்வலம் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் பள்ளம் மறுபடி வாயைத் திறக்கும். அடியில் இருப்பது கறுப்புச் சதுப்பு. ஆயிரம் வருஷத்து இலையும் வேரும் பாதி மக்கியும் மக்காமலும் கிடக்கும் சேறு. எதைப் போட்டாலும் விழுங்கும்.

சுங்கை கெலாம் ஊருக்குள் நுழையும்போது முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. லாரிகள். வரிசையின் முனை புகைக்குள் மறைந்திருந்தது.

"போச்சு," என்றான் பொல்தாக்.

வரிசைக்குப் பக்கத்தில், பலகை வைத்து அடைத்த ஒரு சாப்பாட்டுக் கடை. நடத்துகிறவள் யுஸ்னிதார், மினாங் இனத்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். இந்த வழியில் ஓடும் டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. கறி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் புகை புகுந்து, கிண்ணங்கள் மங்கலாகத் தெரிந்தன.

"என்னக்கா, எத்தனை நேரமா நிக்குது?" என்று பொல்தாக் கேட்டான்.

"காலையில இருந்து. பெரிய பள்ளம் திரும்பவும் தொறந்துக்கிச்சு. ஒவ்வொரு வண்டியா வலது ஓரமா ஒட்டிப் போகுது."

"வழி காட்டுற பசங்க எங்க? எப்பவும் மீன் வலையை நீட்டிச் சில்லறை வாங்கிக்கிட்டு நிப்பாங்களே?"

யுஸ்னிதார் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். "புகை வந்து பகல் இருட்டினதுல இருந்து யாரும் அங்க நிக்கிறதில்ல."

"ஏன்?"

"அங்க வேற யாரோ வழி காட்டுறாங்களாம்." குரலைத் தாழ்த்தினாள். "நீ போறப்போ காதைப் பொத்திக்கிட்டுப் போ பொல்தாக். யார் என்ன சொன்னாலும் இடது பக்கம் ஒடிக்காத. பள்ளத்துல கல்லும் போடாத."

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பேயைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க. ரோட்டைப் பத்திப் பேசுங்க. பேய் என் பட்டையை ஒடைக்கல. பேய் என் டயரைக் கிழிக்கல."

காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர்கள் முறை வரும்போது பிற்பகல் ஆகியிருந்தது. ஆனால் வெளிச்சத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை, அதே செங்கல் நிறம்தான். பின்சார் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். "நான் வலது பக்கம் முன்னால நடக்கிறேன் மாமா. லைட்டைப் பாத்து வாங்க."

பள்ளம் தெரிந்தது. பள்ளம் என்று சொன்னால் அதற்கு அவமானம். ரோட்டின் இடது பாதி முழுவதும் இல்லை. நடுவில் ஒரு வாழைக்கன்று நட்டிருந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் அப்படித்தான் செய்வார்கள். வண்டிக்காரர்களுக்கு எச்சரிக்கை, அலுவலகத்துக்கு வெட்கம் வரட்டும் என்று ஒரு நப்பாசை. கன்றுக்குப் பக்கத்தில், பள்ளத்தின் விளிம்பில், மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் குந்தியிருந்தான். லாரி விளக்கு முகத்தில் அடித்தும் அவன் நிமிரவில்லை.

பொல்தாக் முதல் கியரில் ஊர்ந்தான். பின்சாரின் டார்ச் ஒரு கணம் தெரிந்தது. புகை ஒன்று திரண்டு வந்து அதை மூடியது.

"வா… வா…"

குரல் கேட்டது. பொல்தாக் மெல்ல வந்தான்.

"இடது ஒடி… இன்னும் வா… வா… இடது…"

நிதானமான குரல். நூறு வண்டிக்கு வழி காட்டிய குரல். கை தானாகவே ஒடித்தது. குரல் தனக்கு இடது பக்கத்திலிருந்து, கதவுக்குக் கீழேயிருந்து வருகிறது என்பதும், பின்சார் என்றால் வார்த்தைக்கு வார்த்தை மாமா போடுவான் என்பதும் அவனுக்கு உறைத்தபோது முன் சக்கரம் இறங்கிவிட்டிருந்தது.

வண்டி ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது.

வலது கண்ணாடியில் யாரோ பட்பட்டென்று அடித்தார்கள். பின்சார். "மாமா! என்ன மாமா பண்றீங்க? நான் இந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்!"

"நீ… இடதுன்னு சொல்லல?"

"நான் ஏன் மாமா இடதுன்னு சொல்றேன்?"

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "ஏய், லைசென்ஸ் எந்த மாட்டுச் சந்தையில வாங்குன?" என்று கத்தினான். பொல்தாக்குக்குப் பயம் வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. இறங்கினான். காலுக்கடியில் ரோடு சூடாக இருந்தது. வெடிப்புகளிலிருந்து புகை நூல் நூலாகக் கிளம்பியது. ஆனால் பள்ளத்தை நெருங்கியதும் சில்லென்று ஒரு காற்று முகத்தில் மோதியது. மழைக்காலத்தில் காயாமல் மூலையில் கிடக்கும் துணியின் நாற்றம் அதில் இருந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

"சக்கரத்துக்கு அடியில கல்லைப் போடு. ஏறிடும்," என்றான்.

"யுஸ் அக்கா கல்லு போடாதன்னு…"

"யுஸ் அக்காவா வந்து வண்டியைத் தூக்கப்போறா? போடுடா!"

பின்சார் ரோட்டோரத்திலிருந்து கற்களைப் பொறுக்கி எறிந்தான். விழுந்த சத்தமே வரவில்லை. இன்னொரு கல். அதற்கும் இல்லை. பஞ்சில் போட்டது போல உள்ளே போயிற்று. பெரிய பாறைத் துண்டு ஒன்றைப் பொல்தாக்கே உருட்டித் தள்ளினான். போயிற்று. மேலும் கல் எடுக்க இருவரும் திரும்பினார்கள்.

தார் விளிம்பில் கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

பின்சார் எறிந்த அதே கற்கள். ஈரமாக. அந்தப் பாறைத் துண்டு கடைசியாக, ஓரத்தில்.

பின்சார் மெல்லக் கேட்டான். "மாமா, இதை நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல."

குந்தியிருந்த மனிதன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். "கல்லு வேணாமாம்," என்றான். "நானும் போட்டுப் பாத்தேன். வேணாமாம்."

"யாருய்யா நீ? எழுந்து ஒரு கை குடுக்கிறத விட்டுட்டு…"

பொல்தாக் சொல்லி முடிக்கவில்லை. பள்ளத்துக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

"கட்டை வைக்கிறேன்… அசையாம நிறுத்து…"

அதே நிதானமான குரல்.

பின்சார் விளிம்பில் மண்டியிட்டு டார்ச்சை உள்ளே அடித்தான். "யாரோ கீழ இருக்காங்க மாமா. வண்டிக்கு அடியில யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க." கையை நீட்டினான். "பிடிங்க அண்ணே! கையைப் பிடிங்க!"

பிடித்தது.

பின்சாரின் உடம்பு ஒரு முறை முன்னால் வெட்டி இழுபட்டது. தோள் வரை உள்ளே போயிற்று. டார்ச் விழுந்து அணைந்தது.

அவன் கத்தவில்லை. கத்த மூச்சில்லை.

பொல்தாக் அவன் இடுப்பில் பாய்ந்து விழுந்தான். இழுத்தான். எதிர்ப்பக்கத்து இழுப்பில் அவசரமே இல்லை. கிணற்றிலிருந்து குடம் இழுக்கிறவன் போல, நிதானமாக, ஒரு பிடி ஒரு பிடியாக. பின்சாரின் கன்னம் சேற்றைத் தொட்டது.

"விடு! அவனை விடு! யாரா இருந்தாலும் விடு!"

ஒரு மண்வெட்டி சேற்றில் ஓங்கி இறங்கியது. குந்தியிருந்த மனிதன் எழுந்து வந்திருந்தான். "அவங்களை விட்டுடு," என்று பள்ளத்தைப் பார்த்துக் கெஞ்சினான். "அவங்க மூட வந்தவங்க இல்ல. விட்டுடு."

பிடி விட்டது.

பின்சார் மல்லாந்து விழுந்தான். அவன் மணிக்கட்டில் ஐந்து விரல் தடம், கரிய சேற்றால், சுற்றி வளைத்துப் பதிந்திருந்தது. துடைத்தால் சேறு போயிற்று, தடம் போகவில்லை. அந்தக் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

ஹாரன்கள் நின்றுவிட்டன. பக்கத்து வண்டிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யுஸ்னிதார் கடையிலிருந்து ஓடி வந்து பின்சாரின் வாயில் வெந்நீர் ஊற்றினாள். பிறகு, யாரும் கேட்காமலே, சொன்னாள்.

மண்வெட்டியோடு நின்ற அந்த மனிதன் பெயர் ருஸ்லான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். போன மழைக்காலத்தில் மனைவி ஹஸ்னாவைப் பின்னால் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். ரோடெல்லாம் தண்ணீர். எது ரோடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. விழுந்தார்கள். அவன் கரையேறினான். வண்டியும் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. இருட்டும்வரை ஊரே மூங்கிலை விட்டுத் துழாவியது. காலையில் பார்ப்போம் என்று கலைந்தார்கள். ஆனால் காலையில் யாரோ பெரிய மனிதர் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக விளக்குகளோடு வந்து செம்மண்ணைக் கொட்டினார்கள்.

"ரோலருக்கு முன்னால போய்ப் படுத்தான். நாலு பேரு தூக்கி ஓரமாப் போட்டாங்க. தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும், இங்க இல்லன்னு சொல்லிட்டுத் தாரை ஊத்துனாங்க." யுஸ்னிதார் மூக்கைச் சிந்தினாள். "அப்புறம் தானாத் தோண்டுனான். அரசாங்க ரோட்டைச் சேதப்படுத்துறான்னு உள்ள போட்டாங்க."

"ரோட்டை… என்ன பண்றான்னு?" என்றான் பொல்தாக்.

"சேதம்."

பொல்தாக் சிரித்தான். சிரிப்பு நல்லதாக இல்லை. சாய்ந்து கிடக்கும் தன் வண்டியைப் பார்த்தான். தார்ப்பாய் ஓரத்தில் ஆரஞ்சுச் சாறு கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. பின்சாரின் நீலம் பாய்ந்த கையைப் பார்த்தான். மலையிலிருந்து இதுவரை வாங்கிய ஒவ்வொரு குலுக்கலும் அவன் முதுகெலும்பில் எழுந்து நின்றது போலிருந்தது.

"வரிசையில ஒரு டிரெய்லர்ல பொக்லைன் நிக்குதுல்ல?" என்று கத்தினான். "யாரு ஆபரேட்டர்?"

ஒல்லியான ஜாவாக்காரன் ஒருவன் கையைத் தூக்கினான். சுகெங் என்று பெயர். "தோட்டத்துக்குப் போற மிஷின் அண்ணே. இங்க இறக்குனா என் வேலை போயிடும்."

"இறக்கலன்னா நாம எல்லாரும் இங்கயே வாழைக்கன்னு நட்டுக்கிட்டுக் குடியிருக்க வேண்டியதுதான்."

சுகெங் ருஸ்லானைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எழவு எடுத்த ரோடு," என்று சொல்லிவிட்டு, சங்கிலியை அவிழ்க்கப் போனான்.

முதலில் பொல்தாக்கின் வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டார்கள். பிறகு தோண்டினார்கள். லாரி விளக்குகளை எல்லாம் பள்ளத்தின் பக்கம் திருப்பி வைத்தார்கள். இயந்திரத்தின் வாளி இறங்கி ஏறும்போதெல்லாம் உள்ளே இருப்பது தெரிந்தது. மேலே தார். அதற்கடியில் செம்மண். அதற்கடியில் மறுபடி தார். ஜல்லி. மறுபடி தார். கல்யாண வீட்டு அடுக்குப் பணியாரம் போல, ஒவ்வொரு பெரிய மனிதரின் வருகையும் ஒரு அடுக்காகப் படிந்து கிடந்தது. டிரைவர்கள் அதைப் பார்த்து முதலில் காறித் துப்பினார்கள், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னார்கள். அடுக்குகள் முடிந்து கறுப்புச் சேறு வந்தபோது பேச்சு அடங்கிவிட்டது.

சுகெங் திடீரென்று வாளியை அந்தரத்தில் நிறுத்தினான்.

சேற்றிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் கையாலேயே தோண்டினார்கள். ருஸ்லான்தான் முதலில் இறங்கினான். அந்தச் சேறு எதையும் அழுக விடாது. பதப்படுத்திய தோல் செருப்பு மாதிரி உடம்பு கறுத்திருந்தது, ஆனால் நகம் நகமாக இருந்தது, முடி முடியாக இருந்தது. மேலே தூக்கி, கித்தானில் கிடத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி முகத்தைக் கழுவினார்கள்.

ருஸ்லான் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இது ஹஸ்னா இல்ல," என்றான்.

ஆண் முகம். மீசை இருந்தது. கழுத்தில் துண்டு. வலது கையில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை ஒன்று. விரல்களை விரித்து அதை எடுக்க முடியவில்லை.

கூட்டத்திலிருந்து வயதான டிரைவர் ஒருவர் விளக்கை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இவன் பாலெம்பாங் வண்டியில கிளீனரா இருந்தவன். ஜும்ரோனின்னு பேரு. ராத்திரியில கட்டை வைக்க இறங்குனான், திரும்ப வரல. எவளோடயோ ஓடிப்போயிட்டான்னு சொல்லி முதலாளி அவன் வீட்டுக்குச் சம்பளத்தைக்கூட அனுப்பல. நானும்… நானும் அப்படித்தான் பேசியிருக்கேன்."

ருஸ்லான் திரும்பவும் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் கீழ இருப்பா. இன்னும் கொஞ்சம்தான். மிஷினை ஓட்டுங்க."

சுகெங் லீவரில் கையை வைத்தபோது சைரன் கேட்டது.

போலீசோடு அலுவலகத்து வண்டியும் வந்தது. சீருடைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் முகமூடிக்குள்ளிருந்து பேசினார். கிடைத்த உடலுக்கு நடக்க வேண்டியது முறைப்படி நடக்கும். மேற்கொண்டு தோண்டுவதற்கு அனுமதி வேண்டும். இப்போதைக்குப் போக்குவரத்துதான் முக்கியம். எவ்வளவு வண்டி நிற்கிறது பாருங்கள், உங்கள் நன்மைக்காகத்தானே சொல்கிறோம்.

"எங்க நன்மைக்கா?" பொல்தாக் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றான். "சார், இந்தாள் பொண்டாட்டி இதுக்குள்ள இருக்கு. இன்னும் ஒரு ஆள் ஆழம் தோண்டுனா கிடைச்சிடும். அதுக்கு மேல நீங்க எத்தனை லோடு வேணும்னாலும் கொட்டுங்க, தங்கத்துலகூட ரோடு போடுங்க!"

"எழுத்துல குடுங்கப்பா," என்றார் அதிகாரி.

செம்மண் லாரி புகைக்குள்ளிருந்து பின்னோக்கி வந்தது. ரோலர் வந்தது. ருஸ்லானை மேலே ஏறச் சொன்னார்கள். எல்லோரும் அவன் குறுக்கே விழுவான் என்று காத்திருந்தார்கள். அவன் விழவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து, மண் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ பரவாயில்லை என்று பொல்தாக்குக்குத் தோன்றியது.

வண்டியைக் கிளப்பியபோது அவன் கண்ணாடியில் பார்க்கவில்லை. பின்சார்தான் பார்த்தான்.

ஜகார்த்தாவில் பாதி ஆரஞ்சைக் குப்பையில் கொட்டினார்கள்.

அடுத்த லோடு அந்த வழியாகக் கிடைப்பதற்குள் மழை வந்துவிட்டது. புகை இருந்த இடம் தெரியவில்லை. கழுவிவிட்ட வானம், இரு பக்கமும் செம்பனை, பகல் பகலாக இருந்தது. சுங்கை கெலாமில் புதுத் தார் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை ஒழுங்காகவே போட்டிருந்தார்கள், நடுவில் வெள்ளைக் கோடுகூட இருந்தது. வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த வழவழப்பைப் பார்க்கவே பொல்தாக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யுஸ்னிதார் கடையில் நிறுத்தினான். "ருஸ்லான் எங்கக்கா?"

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "தார் போட்ட அன்னிக்கிருந்து காணோம்."

"காணோம்னா?"

"ஊரை விட்டுப் போயிருப்பான்னு ஆபீஸ்ல சொல்றாங்க. பொண்டாட்டி இல்லாதவன், எங்கயாவது போயிருப்பானாம்." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "மண்வெட்டியைக் கழுவி, என் கடைப் பலகையில சாத்தி வச்சிட்டுப் போயிருக்கான் பொல்தாக். இரவல் வாங்குன மாதிரி."

பின்சார் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். மழை வந்ததிலிருந்து அது அடிக்கடி சில்லிட்டுப்போகிறது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. பொல்தாக்கும் கேட்கவில்லை.

ரோட்டில் ஏறி, அந்த இடம் வந்ததும் பொல்தாக் பிரேக்கை மிதித்தான்.

"வேணாம் மாமா. போயிடலாம்."

பொல்தாக் இன்ஜினை நிறுத்தினான். முன்னும் பின்னும் வண்டி இல்லை. தூறல் மட்டும் தார்மேல் விழுந்துகொண்டிருந்தது. இறங்கினான். பின்சாரும் வேறு வழியில்லாமல் இறங்கினான். எந்த இடம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் தார் சில்லென்று இருந்தது, செருப்பையும் மீறி உள்ளங்காலில் ஏறியது.

பொல்தாக் குந்தினான். என்ன கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே தலையைச் சாய்த்தான்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு, ரொம்பக் கீழேயிருந்து, பேச்சுச் சத்தம்.

இரண்டு குரல். ஒன்று ஆண், ஒன்று பெண். அலறலும் இல்லை, அழுகையும் இல்லை. அடுத்த வீட்டில் விளக்கணைத்துப் படுத்தபின் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்குமே, அப்படி.

"மெதுவாப் போங்கன்னு அப்பவே சொன்னேன்ல?"

"தண்ணி நின்னுச்சு ஹஸ்னா. ரோடுன்னுதான் நெனச்சேன்."

"எப்பப் பாத்தாலும் இதையே சொல்லுங்க."

"சத்தியமா ரோடுன்னுதான் நெனச்சேன்."

பின்சார் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கும் கேட்டிருந்தது. பொல்தாக் எழுந்திருக்கவில்லை, தலையை இன்னும் தாழ்த்தினான். தூறல் வலுத்தது. கீழே அந்த ஆண் குரல் இன்னும் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது.

பெண் குரல் அதை அடக்கியது.

"கொஞ்சம் பேசாம இருங்க. மேல யாரோ வண்டியை நிறுத்தியிருக்காங்க."